டைரக்டரி சர்வரில் சொந்த அட்ரிபியூட் சேர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் இருந்துகொண்டு தேயிலை விவசாயிகளின் பதிவேட்டையும் ஊழியர் பட்டியலையும் ஒரே டைரக்டரி சர்வரில், அதாவது ஆட்களின் விவரத்தைப் பலரும் தேடிப் படிக்க வைத்திருக்கும் சர்வரில், பார்த்துக்கொள்வது என் வேலை. கோத்தகிரியிலும் கூடலூரிலும் அதன் நகல்கள் ஓடுகின்றன. அங்கே புதிதாகச் சேரும் பிள்ளைகள் போனில் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால் எழுதி வைத்துவிட்டேன். கட்டளைச் சொற்களைக் காதில் விழுகிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் அடிக்கும்போது ஆங்கில எழுத்துதான்.

ஸ்கீமா என்றால் என்ன?

இலை எடை போடும் இடத்தில் ஒரு சிட்டு கொடுப்பார்களே, அதில் தேதி, பெயர், மூட்டை, கிலோ என்று கட்டங்கள் அச்சாகியிருக்கும். கிலோ கட்டத்தில் யாரும் பெயர் எழுத மாட்டார்கள். டைரக்டரியில் அந்த அச்சடித்த அமைப்புதான் ஸ்கீமா. நிரப்பிய ஒரு சிட்டு என்ட்ரி, அதில் ஒரு கட்டம் அட்ரிபியூட், என்னென்ன கட்டம் வரலாம் என்று சொல்லும் சிட்டு வகை ஆப்ஜெக்ட் கிளாஸ். எந்தெந்த அட்ரிபியூட் உண்டு, ஒவ்வொன்றிலும் என்ன மாதிரி மதிப்பு வரலாம், எப்படி ஒப்பிட வேண்டும், எந்த ஆப்ஜெக்ட் கிளாஸில் எது கட்டாயம், எது விருப்பம் என்பதெல்லாம் அதில் இருக்கும். டைரக்டரியோடு பேசும் எல்டாப் நெறிமுறையில் இதன் இலக்கணம் ஆர்எஃப்சி 4512 என்ற இணையத் தரநிலை ஆவணத்தில் இருக்கிறது, 2006-இல் வந்தது. ஸ்கீமாவில் இல்லாத அட்ரிபியூட்டை ஒரு என்ட்ரியில் எழுதப் போனால் சர்வர் 17-ஆம் பிழை எண்ணைக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடும். அந்தப் பெயரில் அட்ரிபியூட்டே கிடையாது என்று அர்த்தம்.

புதிதாகச் சேர்க்கத்தான் வேண்டுமா?

பத்தில் ஏழு தடவை வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆட்களுக்கான இனெட்ஆர்க்பெர்சன் என்ற ஆப்ஜெக்ட் கிளாஸ் 2000-இலேயே ஆர்எஃப்சி 2798 ஆக வந்துவிட்டது. ஊழியர் எண், ஊழியர் வகை, துறை எண், அறை எண், விருப்ப மொழி, வண்டிப் பதிவு எண் வரைக்கும் அதில் உண்டு. முதலில் அந்தப் பட்டியலை ஒரு முறை முழுதாகப் படியுங்கள்.

அதற்காக, இருக்கிற கட்டத்தில் வேறெதையாவது திணிக்கவும் கூடாது. எனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவர், ஸ்கீமாவைத் தொடப் பயந்து, விவசாயி உறுப்பினர் எண்ணை வண்டிப் பதிவு எண் கட்டத்தில் போட்டு வைத்துவிட்டார். இலை ஏற்றும் ஜீப்புகளின் எண்ணைப் பதியச் சொன்ன நாளில்தான் விஷயம் வெளியே வந்தது. பிரித்தெடுக்க இரண்டு வாரம் ஆனது. பொருள் சரியாகப் பொருந்தினால் இருக்கிறதையே பயன்படுத்துங்கள். பொருந்தவில்லை என்றால் புதிதாக ஒன்று செய்துகொள்வதுதான் மரியாதை.

"அண்ணா, தமிழ்ப் பெயருக்குத் தனியாக ஒரு அட்ரிபியூட் போட்டுக்கொள்ளட்டுமா?"

வேண்டாம். இருக்கிற பெயர் அட்ரிபியூட்டிலேயே மொழிக் குறி சேர்க்கலாம். சிஎன் என்று எழுதி, அரைப்புள்ளி வைத்து, லாங், ஹைபன், தமிழுக்கான இரண்டெழுத்துக் குறியீடான டிஏ என்று போட்டால் அது தமிழில் எழுதிய பொதுப்பெயர். ஆர்எஃப்சி 3866 இதைச் சொல்கிறது. இதில் பெரிய லாபம் ஒன்று உண்டு. குறி இல்லாத சிஎன் என்று தேடினாலும் குறி உள்ள தமிழ் மதிப்பும் சேர்ந்தே தேடலுக்கு வரும். நீங்களாகத் தமிழ்ப்பெயர் என்று தனி அட்ரிபியூட் செய்தால் ஒவ்வொரு செயலிக்கும் அதைப் போய்ச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

உங்கள் சர்வர் இதை ஏற்கிறதா என்பதை அதன் வேர் என்ட்ரியில் இருக்கும் ஆதரிக்கப்படும் வசதிகள் பட்டியலில் பார்க்கலாம். 1.3.6.1.4.1.4203.1.5.4 என்ற எண் அங்கே இருந்தால் ஏற்கிறது.

குடும்பப் பெயர் கட்டாயம் என்கிறதே. நம்மிடம் ஏது குடும்பப் பெயர்?

இந்த வேலையில் தமிழ்நாட்டுக்காரர் எல்லோரும் மோதிக்கொள்ளும் முதல் கல் இதுதான். பெர்சன் என்ற கிளாஸில் சிஎன், எஸ்என் இரண்டும் கட்டாயம். எஸ்என் என்பது குடும்பப் பெயர். நம்மிடம் இருப்பதோ இனிஷியலும் பெயரும்தான். மா. கௌரி என்ற விவசாயிக்கு எஸ்என் எது? ஒரு அலுவலகத்தில் வெறும் புள்ளி ஒன்றை வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். எல்லோருக்கும் குடும்பப் பெயர் புள்ளி! இன்னொரு இடத்தில் இனிஷியலைப் போட்டிருந்தார்கள். முகவரிப் புத்தகம் எஸ்என் பார்த்து வரிசைப்படுத்துவதால், அப்பா பெயர் மாரியோ மாதனோ, அந்த மா வரிசையில் ஆயிரம் பேர் குவிந்து கிடந்தார்கள்.

எனக்குத் தெரிந்து தொல்லை குறைந்த வழி இது. ஆளின் சொந்தப் பெயரை எஸ்என் கட்டத்தில் வையுங்கள். இனிஷியலுக்கு இனிஷியல்ஸ் என்ற அட்ரிபியூட் ஏற்கெனவே இருக்கிறது, அதில் போடுங்கள். கிவன்நேம் கட்டத்தை வெறுமையாக விடுங்கள், இல்லையென்றால் சில செயலிகள் கௌரி கௌரி என்று இரண்டு முறை கூப்பிடும். அவர் எப்படிக் கையெழுத்துப் போடுகிறாரோ அதை டிஸ்ப்ளேநேம் கட்டத்தில் எழுதுங்கள். தரநிலை எஸ்என் என்பதற்குத் தரும் விளக்கத்துடன் இது முழுக்க ஒத்துப்போகாதுதான். ஆனால் இதற்கென்று அப்பாபெயர் என்ற புது அட்ரிபியூட் செய்தாலும் எஸ்என் கட்டாயம் நீங்கப் போவதில்லை. அப்பா பெயர் முழுதாக வேறு காரணத்துக்குத் தேவைப்பட்டால் மட்டும் புதிதாகச் செய்யுங்கள். எங்களுக்கு நிலப் பட்டாவோடு ஒப்பிடத் தேவைப்பட்டது, செய்தோம்.

அட்ரிபியூட் பெயரையே தமிழ் எழுத்தில் வைக்கலாமா?

முடியாது. ஆங்கில எழுத்தில் தொடங்கி, எழுத்து, எண், ஹைபன் மட்டும் வரலாம். அடிக்கோடும் கூடாது. சில சர்வர்கள் அடிக்கோட்டைக் கண்டும் காணாமல் விடும், வேறு சர்வருக்கு மாறும் அன்றைக்குத் தெரியும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற வேறுபாடு கிடையாது. விளக்கம் எழுதும் பகுதியில் மட்டும் தமிழ் தாராளமாக வரலாம், அங்கே யூடிஎஃப்-8 செல்லும். நான் எல்லா விளக்கத்தையும் தமிழில்தான் எழுதுகிறேன்.

பெயருக்கு முன்னால் உங்கள் அலுவலகத்தைக் குறிக்கும் மூன்று நான்கு எழுத்தைச் சேர்த்துவிடுங்கள். வெறும் மெம்பர்நம்பர் என்று வைத்தால் நாளைக்கு வாங்கும் ஏதாவது ஒரு மென்பொருள் அதே பெயரோடு வந்து நிற்கும்.

ஓஐடி எண்ணை எங்கிருந்து எடுப்பது?

ஒவ்வொரு அட்ரிபியூட்டுக்கும் ஒவ்வொரு ஆப்ஜெக்ட் கிளாஸுக்கும் உலகத்தில் வேறெதற்கும் இல்லாத ஒரு எண் வேண்டும். புள்ளி வைத்துப் பிரித்த நீள எண், அதுதான் ஓஐடி. இணைய எண்களைப் பங்கிடும் ஐயானா என்ற அமைப்பிடம் நிறுவன எண் கேட்டு விண்ணப்பித்தால் இலவசமாகத் தருவார்கள். 1.3.6.1.4.1 என்பதற்குப் பிறகு உங்கள் எண் வரும். அதற்குக் கீழே எத்தனை கிளை பிரித்தாலும் அது உங்கள் பாடு.

நான் செய்திருக்கும் ஏற்பாட்டைச் சொல்கிறேன். நிறுவன எண்ணுக்குப் பின் 1 என்றால் டைரக்டரி. அதன்கீழ் 1 அட்ரிபியூட்டுகளுக்கு, 2 ஆப்ஜெக்ட் கிளாஸுகளுக்கு. கடைசி எண் வரிசையாக ஏறும். எழுதிப் பழகுவதற்கு 32473 என்ற எண்ணைப் பயன்படுத்துங்கள். எடுத்துக்காட்டுகளுக்காகவே ஒதுக்கிய எண் அது, ஆர்எஃப்சி 5612 சொல்கிறது. ஆக முதல் அட்ரிபியூட் 1.3.6.1.4.1.32473.1.1.1 என்று வரும். ஓடுகிற சர்வரில் மட்டும் அந்த எண்ணோடு போய்விடாதீர்கள்.

விண்ணப்பிக்கச் சோம்பலாக இருந்தால் 2.25 என்று தொடங்கி, பின்னால் யூயூஐடி என்ற, கணினி உருவாக்கும் தனித்த எண் ஒன்றைப் பத்தடிமான எண்ணாக மாற்றி ஒட்டிக்கொள்ளலாம், அனுமதி தேவையில்லை. ஆனால் அந்த எண் கொடைக்கானல் மலைப்பாதை மாதிரி நீண்டுகொண்டே போகும், போனில் வாசித்துக் காட்ட முடியாது.

எதைச் செய்தாலும் சரி, இணையத்தில் பார்த்த அடுத்தவர் எண்ணை மட்டும் எடுக்காதீர்கள். கொடுத்த எண்களை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எங்கள் அலுவலகத்தில் உண்மையாகவே ஒரு கோடு போட்ட நோட்டு இருக்கிறது. கரண்ட் போனாலும் படிக்கலாம்.

என்ன வகை மதிப்பு என்பதை எப்படித் தீர்மானிப்பது?

இங்கேதான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். பெயரையோ விளக்கத்தையோ பின்னால் சரிசெய்துகொள்ளலாம். சின்டாக்ஸ் என்கிற மதிப்பு வகையை ஆயிரம் என்ட்ரி நிறைந்த பிறகு மாற்றுவது, காய்த்த செடியை வேரோடு பிடுங்கி நடுகிற வேலை.

உறுப்பினர் எண்ணை எடுத்துக்கொள்வோம். 00417. எண்தானே என்று முழு எண் வகையில் போட்டீர்களானால் சர்வர் 21-ஆம் பிழை கொடுக்கும். முழு எண் வகையில் முன்னால் பூஜ்யம் வரக் கூடாது என்பது விதி. பூஜ்யத்தை வெட்டி 417 என்று போட்டால் ஏற்றுக்கொள்ளும், அப்புறம் சிட்டில் உள்ள எண்ணும் சர்வரில் உள்ள எண்ணும் சண்டை போடும். கூட்டிக் கழிக்காத எண் எல்லாம் எழுத்துதான் என்று நினைத்துக்கொள்ளுங்கள். உறுப்பினர் எண், பின்கோடு, போன் நம்பர் எல்லாமே அப்படி. இலக்கம் மட்டும்தான் வரும் என்றால் நியூமெரிக் ஸ்ட்ரிங் வகை, 1.3.6.1.4.1.1466.115.121.1.36. ஒப்பிடும்போது நடுவில் உள்ள இடைவெளியை அது பொருட்படுத்தாது.

இப்போது தோட்டத்தின் உயரம். இது நிஜமான எண். கூடலூர்ப் பக்கத்துத் தோட்டம் 950 மீட்டர், கோத்தகிரிக்கு மேலே 1800 மீட்டர். 1500-க்கு மேல் உள்ள தோட்டங்களை மட்டும் கொடு என்று கேட்க வேண்டியிருக்கும். எழுத்து வகையில் வைத்து எழுத்து வரிசை விதியைக் கொடுத்தால், 9 என்ற எழுத்து 1-க்குப் பின்னால் வருவதால், 950 பெரியது என்று கூடலூர் தோட்டம் தொட்டபெட்டாவுக்கு மேலே ஏறி உட்கார்ந்துவிடும். முழு எண் வகை, அதன் எண் 27-இல் முடியும். அதோடு வரிசை விதியாக இன்டிஜர் ஆர்டரிங் மேட்ச் என்பதையும் சேர்க்க வேண்டும். வரிசை விதியே இல்லையென்றால் பெரிது, சிறிது என்ற தேடல் பிழை காட்டாமலே வெறும் கையோடு திரும்பும். இதைக் கண்டுபிடிக்க நான் ஒரு மதியத்தைத் தொலைத்தேன்.

தேதியில் வேறு ஒரு வம்பு. ஜெனரலைஸ்டு டைம் என்பதுதான் வகை, ஆண்டு முதல் விநாடி வரை ஒட்டி எழுதி, கடைசியில் உலக நேரத்தைக் குறிக்கும் இசட் எழுத்து. சேர்ந்த தேதி 2024 ஜூன் 1 என்று படிவத்தில் போட்டால், செயலி அதை நம் ஊர் நள்ளிரவாக எடுத்துக்கொண்டு, ஐந்தரை மணி நேரத்தைக் கழித்து, 20240531183000 என்று சேமித்துவிட்டது. அறிக்கையில் எல்லோரும் ஒருநாள் முன்னதாகச் சேர்ந்திருந்தார்கள். நாள் மட்டும் முக்கியம், மணி முக்கியமில்லை என்றால் உலக நேர நண்பகலைப் போடுங்கள், 20240601120000. நமக்கு அது மாலை ஐந்தரை, அதே நாள்தான்.

ஆம், இல்லை என்பதற்கு பூலியன் வகை உண்டு. ட்ரூ, ஃபால்ஸ் இரண்டையும் பெரிய எழுத்தில் மட்டுமே ஏற்கும். எஸ், நோ, 1, 0 எதுவும் செல்லாது.

மற்றதெல்லாம் டைரக்டரி ஸ்ட்ரிங், 15-இல் முடியும் எண். தமிழ் இதில்தான் வரும். 26-இல் முடியும் ஐஏ5 ஸ்ட்ரிங் என்பதில் தமிழ் எழுத்து ஒன்றுகூட நுழையாது. மின்னஞ்சல் முகவரி போன்றவற்றுக்கு மட்டும் அது. டைரக்டரி ஸ்ட்ரிங்கில் வெற்று மதிப்பு கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள். எக்செல் தாளில் காலியாக இருக்கும் கட்டத்தை அப்படியே ஏற்றினால் மறுபடி 21-ஆம் பிழை. மதிப்பு இல்லையென்றால் அட்ரிபியூட்டையே எழுதக் கூடாது.

ஒப்பிடும் விதியைக் கொடுக்காவிட்டால் என்ன?

அட்ரிபியூட் உருவாகிவிடும். தேடினால் கிடைக்காது. பல மதிப்புகளில் ஒன்றை மட்டும் நீக்கப் போனால் 18-ஆம் பிழை வரும், எது எதற்குச் சமம் என்று சர்வருக்குத் தெரியாதே. ஆகவே சமத்துவ விதியை எப்போதும் கொடுங்கள். பகுதிச் சொல் தேடல் வேண்டும் என்றால் அதற்குரிய விதி தனி. எழுத்து வகைக்குப் பொதுவாகக் கேஸ் இக்னோர் மேட்ச், அதன் பகுதித் தேடல் விதி, இரண்டும் போதும்.

தமிழில் தேடினால் சிலர் மட்டும் கிடைப்பதில்லை. ஏன்?

கௌரியைத் தேடிப் பாருங்கள். பாதிப் பேர் ஔகாரக் குறியோடு சரியாக அடித்திருப்பார்கள். மீதிப் பேர் கெ போட்டு ள போட்டு கெளரி என்று அடித்திருப்பார்கள். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு இரண்டும் வெவ்வேறு ஆட்கள்.

இதில் ஒரு பாதியை சர்வரே பார்த்துக்கொள்ளும். கோத்தகிரி என்ற சொல்லில் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் அடிக்கலாம், இரட்டைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் அடிக்கலாம். யூனிகோடுக்கு இரண்டும் ஒன்றே. ஒப்பிடுவதற்கு முன் சரங்களை ஒழுங்குபடுத்தச் சொல்லும் ஆர்எஃப்சி 4518-படி நடக்கும் சர்வர் இரண்டையும் சமமாகத்தான் எடுத்துக்கொள்ளும். ஆனால் ஔகாரத்துக்குப் பதிலாக ள அடித்தது எழுத்துப் பிழை, அதை எந்த விதியும் திருத்தாது. பதிவு செய்யும் இடத்திலேயே திருத்த வேண்டும். நான் மாதம் ஒரு முறை கெ, பெ, மெ, செ, தெ இவற்றுக்குப் பின்னால் ள வரும் பெயர்களைத் தேடியெடுத்துக் கண்ணால் பார்க்கிறேன். தெளிவு, செளந்தர் இரண்டையும் பிரித்துப் பார்க்க ஆள்தான் வேண்டும்.

தேடல் முடிவில் தமிழுக்குப் பதில் ஏதோ கிறுக்கலாக வருகிறதே?

பயப்பட வேண்டாம், தரவு கெடவில்லை. டைரக்டரித் தரவை எழுத்துக் கோப்பாகக் காட்டும் எல்டிஃப் வடிவத்தில் சாதாரண ஆங்கில எழுத்தைத் தாண்டி ஏதாவது வந்தால் பேஸ்64 முறையில் மாற்றித்தான் காட்டும். அட்ரிபியூட் பெயருக்குப் பின் ஒரு முக்காற்புள்ளிக்குப் பதில் இரண்டு இருந்தால் அதுதான் அடையாளம். தமிழில் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட். கோத்தகிரி என்பது கண்ணுக்கு ஐந்தெழுத்து, உள்ளே ஒன்பது குறியீடு, 27 பைட், பேஸ்64 ஆனால் 36 எழுத்து.

நீளத்துக்கு அடைப்புக்குறிக்குள் 10 என்று போட்டேன். ஆனாலும் பதினைந்து இலக்கத்தை ஏற்றுக்கொள்கிறதே?

அந்த எண் கட்டுப்பாடு இல்லை. குறைந்தது இவ்வளவு நீளமாவது சர்வர் தாங்க வேண்டும் என்ற பரிந்துரைதான் அது. கண்டிப்பு வேண்டுமென்றால் ஓபன்எல்டாப் என்ற சர்வர் மென்பொருளில் கன்ஸ்ட்ரெயின்ட் என்ற மேலடுக்கை, அதாவது கூடுதல் வசதியை, சேர்த்து அங்கே விதி எழுதுங்கள். மீறினால் 19-ஆம் பிழை வரும்.

ஒரே மதிப்பா, பல மதிப்பா?

ஒன்றும் சொல்லாமல் விட்டால் பல மதிப்பு. உறுப்பினர் எண், சேர்ந்த தேதி போன்றவற்றுக்கு சிங்கிள் வேல்யூ என்று சொல்லிவிடுங்கள். தயக்கமாக இருந்தால் ஒற்றையிலிருந்து தொடங்குங்கள். ஒற்றையைப் பலவாகத் தளர்த்துவது சுலபம். பலவாக நிறைந்ததை ஒற்றையாக இறுக்கும்போது, எந்த மதிப்பை வைத்துக்கொள்வது என்று ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட வேண்டிவரும்.

ஒரு விவசாயிக்கு இரண்டு இடத்தில் தோட்டம். உயரம், பரப்பளவு இரண்டையும் பல மதிப்பாக வைக்கலாமா?

கூடாது. பல மதிப்புகளுக்குள் முன் பின் கிடையாது. உயரம் 950, 1800. பரப்பளவு அரை ஏக்கர், இரண்டு ஏக்கர் என்று எழுதினால், அரை ஏக்கர் எந்த உயரத்தில் இருக்கிறது என்று சர்வரால் சொல்ல முடியாது. எழுதிய வரிசையிலேயே திரும்பக் கொடுக்கும் என்று நம்பாதீர்கள். பெரும்பாலும் கொடுக்கும், அதுதான் ஆபத்து. நீங்கள் நம்பிவிடுவீர்கள்.

தோட்டத்துக்குத் தனி என்ட்ரி போடுங்கள். விவசாயியின் என்ட்ரிக்குக் கீழே குழந்தையாக வைக்கலாம். அல்லது தோட்டங்களுக்கென்று தனிக் கிளை போட்டு, உரிமையாளரைக் குறிக்க டிஎன் வகையில், அதாவது இன்னொரு என்ட்ரியின் முழு முகவரியை வைக்கும் வகையில், ஒரு அட்ரிபியூட் வைக்கலாம். நான் இரண்டாவதைத்தான் விரும்புகிறேன். இங்கே தோட்டங்கள் கை மாறும், அண்ணன் தம்பிக்குள் பிரியும். உரிமையாளர் மதிப்பை மாற்றினால் போதும், என்ட்ரியை நகர்த்த வேண்டாம். ஒருவர் என்ட்ரி அழிந்தால் அவரைச் சுட்டும் மதிப்புகள் அந்தரத்தில் தொங்கும், அதற்கு ஓபன்எல்டாப்பில் ரெஃப்இன்ட் என்ற மேலடுக்கு இருக்கிறது, சேர்த்துக்கொள்ளுங்கள்.

அட்ரிபியூட் செய்துவிட்டேன். என்ட்ரியில் போட்டால் 65-ஆம் பிழை வருகிறது.

அட்ரிபியூட்டைச் செய்தால் மட்டும் போதாது, அதை அனுமதிக்கும் ஆப்ஜெக்ட் கிளாஸ் ஒன்று அந்த என்ட்ரியில் இருக்க வேண்டும். அதற்காக இனெட்ஆர்க்பெர்சனைத் திறந்து உள்ளே எழுதாதீர்கள். அது உலகத்துக்குப் பொதுவான வரையறை, அடுத்த மேம்படுத்தலில் உங்கள் மாற்றம் காணாமல் போகலாம். ஆக்ஸிலரி வகையில் சொந்தமாக ஒரு கிளாஸ் செய்து, உங்கள் அட்ரிபியூட்டுகளை அதில் அடுக்குங்கள். ஸ்ட்ரக்சுரல் வகை என்பது என்ட்ரியின் பிறப்பு, ஒன்றே ஒன்றுதான். ஆக்ஸிலரி மேலே போட்டுக்கொள்ளும் ஸ்வெட்டர் மாதிரி, எத்தனை வேண்டுமானாலும் போடலாம், கழற்றலாம். மேலே சொன்ன தோட்டத்துக்கு மட்டும் ஸ்ட்ரக்சுரல் வகையில் ஒரு கிளாஸ் தேவைப்படும், அது ஆள் இல்லையே.

கட்டாயம் என்ற பட்டியலில் குறைவாக வையுங்கள். உறுப்பினர் எண் கட்டாயம் என்று போட்டால், பழைய என்ட்ரிகளில் கிளாஸையும் எண்ணையும் ஒரே மாற்றத்தில் சேர்த்தாக வேண்டும், தனித்தனியாகச் சேர்க்க விடாது.

எந்த சர்வரில் எப்படிச் சேர்ப்பது?

ஓபன்எல்டாப்பில் ஸ்கீமா என்பது, சர்வரின் அமைப்பு விவரம் இருக்கும் சிஎன் கன்ஃபிக் கிளைக்குள் ஒரு என்ட்ரி. ஓஎல்சி என்று தொடங்கும் இரண்டு அட்ரிபியூட்டுகளில், முதலில் உங்கள் அட்ரிபியூட்டுகள், பிறகு கிளாஸுகள் என்று எல்டிஃப் கோப்பில் எழுதி, சர்வர் இருக்கும் கணினியிலேயே ரூட் ஆளாக இருந்து ஏற்றுவது. ஒரு சிக்கலை மட்டும் சொல்லிவிடுகிறேன். எல்டிஃபில் நீள வரியை மடித்தால் அடுத்த வரி ஒரு இடைவெளியோடு தொடங்க வேண்டும். அந்த இடைவெளியைச் சர்வர் விழுங்கிவிடும். இரண்டு சொற்களுக்கு நடுவே மடித்திருந்தால் இரண்டு இடைவெளி போடுங்கள், இல்லையேல் சொற்கள் ஒட்டிக்கொண்டு புரியாத பிழை வரும்.

389 டைரக்டரி சர்வரில் ஸ்கீமா கோப்புகள் பெயர் வரிசைப்படி ஏறும். கட்டளை வழியாகச் சேர்ப்பது 99யூசர் என்ற கோப்பில் போய் உட்காரும். நீங்களே கோப்பு வைத்தால் மறுபடி ஏற்றச் சொல்லுங்கள் அல்லது சர்வரை நிறுத்தித் தொடங்குங்கள்.

மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரியில் ஒரு ஃபாரஸ்ட், அதாவது இணைந்த டொமைன்களின் தொகுப்பு, முழுதுக்கும் ஒரே ஸ்கீமா. ஸ்கீமா மாஸ்டர் சர்வரில், ஸ்கீமா அட்மின்ஸ் குழுவில் உள்ளவர்தான் மாற்றலாம். எக்ஸ்சேஞ்ச் என்ற மின்னஞ்சல் சர்வர் நிறுவிய இடமாக இருந்தால் எக்ஸ்டென்ஷன் அட்ரிபியூட் என்று 1 முதல் 15 வரை காலியாகக் கிடக்கும். சின்ன தேவைக்கு அவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு, எதற்கென்று நோட்டில் எழுதி வைப்பது புத்திசாலித்தனம்.

நகல் சர்வர்களில் எது முதலில்?

ஸ்கீமா முதலில், எல்லா சர்வரிலும். தரவு அப்புறம். ஓபன்எல்டாப்பில் தரவு நகலாவதால் ஸ்கீமாவும் நகலாகும் என்று எண்ணாதீர்கள், சிஎன் கன்ஃபிக்கைத் தனியாக ஏற்பாடு செய்தாலொழிய அது போகாது. குன்னூரில் புது அட்ரிபியூட்டோடு ஒரு என்ட்ரியை எழுதினேன், கூடலூர் சர்வருக்கு அது என்னவென்றே தெரியாததால் நகலெடுப்பு அந்த என்ட்ரியிலேயே சிக்கி நின்றது. அது ஜூலை மாதம். கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டுகிற நேரம், லைன் போவதும் வருவதுமாக இருந்ததால் மழையால்தான் நகல் வரவில்லை என்று மூன்று நாள் யாரும் சர்வரின் லாக் பதிவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பதிவில் முதல் வரியிலேயே அட்ரிபியூட் தெரியாது என்று எழுதியிருந்தது.

தவறாகச் செய்துவிட்டேன். அழிக்கலாமா?

எந்த என்ட்ரியிலும் இன்னும் மதிப்பு இல்லையென்றால் வழி உண்டு. ஓபன்எல்டாப்பில் நிச்சயமான வழி, சர்வரை நிறுத்தி, ஸ்லாப்கேட் கட்டளையால் 0-ஆம் தரவுத்தளத்தை, அதாவது சிஎன் கன்ஃபிக்கை, வெளியே எடுத்து, திருத்தி, ஸ்லாப்ஆட் கட்டளையால் மறுபடி ஏற்றுவது. முதலில் நகல் எடுத்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். ஆக்டிவ் டைரக்டரியில் அழிக்கவே முடியாது, செயலிழக்கச் செய்யலாம், அவ்வளவுதான்.

என்ட்ரிகளில் மதிப்பு ஏறிவிட்டதா? அழிக்காதீர்கள். அப்சலீட், அதாவது வழக்கொழிந்தது, என்று குறித்துவிட்டு, புதிய பெயர், புதிய ஓஐடியில் சரியானதைச் செய்து, தரவை மெதுவாக மாற்றுங்கள். பழைய ஓஐடியை இன்னொன்றுக்கு ஒருபோதும் கொடுக்காதீர்கள்.

இன்டெக்ஸ் போட வேண்டுமா?

இன்டெக்ஸ் தேடலை வேகமாக்கும், தேடப்போகிற அட்ரிபியூட்டுக்கு மட்டும் போடுங்கள். உறுப்பினர் எண்ணுக்குச் சமத்துவ இன்டெக்ஸ் போதும். 389 சர்வரில் போட்டபின் மறு இன்டெக்ஸ் வேலையை ஓடவிட வேண்டும், மறந்தால் பழைய என்ட்ரிகள் தேடலில் வராது.

ஆதார் எண்ணுக்கு ஒரு அட்ரிபியூட் கேட்கிறார்கள்.

நான் செய்து கொடுக்கவில்லை, நீங்களும் செய்யாதீர்கள். டைரக்டரி என்பது பலரும் படிப்பதற்காகவே கட்டிய இடம். ஓபன்எல்டாப்பில் அணுகல் விதி எதுவும் எழுதாவிட்டால் யார் வேண்டுமானாலும் எல்லாவற்றையும் படிக்கலாம் என்பதுதான் இயல்பு நிலை. நீங்கள் நேற்றுச் செய்த புது அட்ரிபியூட்டுக்கும் அதே நிலைதான், சொந்தமாகச் செய்ததால் அது ஒளிந்திருக்காது. பன்னிரண்டு இலக்கத்தை அங்கே வைத்துவிட்டு, பிறகு விதி எழுதிக்கொள்ளலாம் என்று இருப்பது வேண்டாத வேலை. கேட்டவரிடம் எதற்கு என்று திருப்பிக் கேட்டேன். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் அடையாளம் காண, என்றார். அதற்கு உறுப்பினர் எண் இருக்கிறது, அதோடு ஹட்டி, அதாவது ஊர், பெயரும் இருக்கிறது. போதும் என்று ஒப்புக்கொண்டார்.

போன் நம்பர், வங்கி விவரம் மாதிரியானவற்றுக்குப் புது அட்ரிபியூட் கேட்டு வருபவர்களிடமும் முதலில் அணுகல் விதியை எழுதச் சொல்லுங்கள். விதி சோதனை சர்வரில் சரியாக ஓடுகிறது, பெயரில்லாமல் உள்ளே வருபவருக்கு எதுவும் தெரியவில்லை என்று பார்த்த பிறகு, நோட்டில் அடுத்த ஓஐடியை எழுதிக்கொள்ளலாம்.